கைகூப்பினால் தூக்கம் வருகிறது என்று எழுதிய அம்மாவுக்கு

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. நான்கு வயதில் ஒரு மகள். பாலர் பள்ளியில் அவளோடு விளையாடும் பிள்ளைகள் வீட்டில் யாரும் சாமி கும்பிடுவதில்லை. “நாம மட்டும் ஏம்மா கும்பிடறோம்?” என்று ஒருநாள் ராத்திரி கேட்டிருக்கிறாள். உங்களுக்குப் பதில் வரவில்லை. மாமியார் வேறு வாராவாரம் போனில் “பிள்ளைக்கு ஒரு ஸ்லோகமாவது சொல்லிக் கொடுத்தியா?” என்று கேட்கிறார். இப்படியொரு ஊரில் பிள்ளையைப் பக்தியோடு வளர்ப்பது எப்படி என்பது உங்கள் கேள்வி. அதைக் கேட்டு முடித்துவிட்டு, போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: ‘எனக்கே இப்போதெல்லாம் கைகூப்பி நின்றால் தூக்கம்தான் வருகிறது அக்கா.’

அக்கா என்று கூப்பிட்டதால் உரிமையோடு சொல்கிறேன். கடிதத்தில் முக்கியமான வரி அதுதான். மகளைப் பற்றிக் கேட்க மாமியார் இருக்கிறார். உங்கள் நம்பிக்கை எப்படி இருக்கிறது என்று கேட்க அங்கே யாரும் இல்லை. அதனால் உங்களிடமிருந்தே தொடங்குகிறேன். பிள்ளையிடம் அப்புறம் வருவோம்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். பிறந்த வீடு சைவம், புகுந்த வீடு கிறிஸ்தவம். இரண்டு பிள்ளைகளை வெளிநாட்டில்தான் வளர்த்தேன். இருபது வருடத்துக்கு மேல் ஒரு பாலர் பள்ளியில் ஆசிரியை. ஆக, இந்த விஷயத்தை வீட்டுப் பக்கத்திலிருந்தும் பார்த்திருக்கிறேன், பள்ளிப் பக்கத்திலிருந்தும் பார்த்திருக்கிறேன்.

பக்தி என்றால் விடிகாலை எழுந்து, குளித்து, ஒரு மணி நேரம் அசையாமல் உட்காருவது என்றுதான் நம் எல்லோருக்கும் மனதில் பதிந்திருக்கிறது. சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டில் அது நடக்காது. கூட்டுக் குடும்பத்தில் வேறு யாராவது குழந்தையைத் தூக்கிக்கொள்வார்கள். அங்கே உங்களுக்கு அந்த வசதியும் இல்லை. நடக்காத ஒன்றை அளவுகோலாக வைத்துக்கொண்டு தினமும் உங்களையே தோற்கடித்துக்கொள்கிறீர்கள். ஆனால் மதங்கள் தாய்மாரிடம் இவ்வளவு கறாராக இருந்ததில்லை.

என் நாத்தனார் ஒரு கதை சொல்வாள். முதல் குழந்தை பிறந்த புதிதில் ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலிக்குத் தொடர்ந்து போக முடியவில்லை என்று பங்குத்தந்தையிடம் அழுதாளாம். அவர் 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலை எடுத்து 2181-ஆம் பத்தியைக் காட்டியிருக்கிறார். ஞாயிறு திருப்பலிக்குப் போகும் கடமையிலிருந்து விலக்குப் பெறும் தக்க காரணங்களுக்கு அங்கே உதாரணமாகச் சொல்லியிருப்பது இரண்டே இரண்டு: நோய், கைக்குழந்தையைப் பராமரிப்பது. ‘ரோமிலேயே உனக்கு லீவு கொடுத்துவிட்டார்கள், நீ ஏன் அழுகிறாய்’ என்று கேட்டாராம்.

இஸ்லாத்தில் இதைவிட அழகாக ஒன்று உண்டு. நீளமாகத் தொழ வைக்கலாம் என்று நினைத்து நிற்பேன், பின்னாலிருந்து ஒரு குழந்தை அழும் சத்தம் கேட்டால் சுருக்கிக்கொள்வேன், அதன் தாய்க்குச் சிரமம் வேண்டாம் என்று நபிகள் நாயகம் சொன்னதாக ஸஹீஹுல் புகாரி என்ற நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது. பேத்தி உமாமாவைச் சுமந்துகொண்டே அவர் தொழுததும் அதில்தான் வருகிறது. நெற்றி தரையில் பட வணங்கும் ஸஜ்தாவுக்குப் போகும்போது இறக்கிவிடுவார், எழும்போது மறுபடி தூக்கிக்கொள்வார். இதை எனக்குச் சொன்னவர் என்னோடு வேலை பார்த்த ஒரு முஸ்லிம் ஆசிரியை. அவருக்கு அப்போது இரட்டைக் குழந்தைகள்.

நம் பக்கம் கேட்கவே வேண்டாம். பெரியாழ்வார் யசோதையாகத் தன்னை நினைத்துக்கொண்டு பாடியவர். தாலாட்டுவதும் குளிக்கக் கூப்பிடுவதும் காது குத்த ஆசைகாட்டுவதும் நிலாவைக் காட்டி அழைப்பதும்தான் அவருக்குப் பாட்டு, அதுவே பக்தி. அதிலிருந்து கிளைத்த பிள்ளைத்தமிழைப் பாருங்கள். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி என்று பத்துப் பருவம். இலக்கணப்படி மூன்றாம் மாதத்தில் தொடங்கி ஒற்றைப்படை மாதமாக இருபத்தோராம் மாதம்வரை போகும். தலையைத் தூக்கி ஆடுகிறது, கை தட்டுகிறது, தளர்நடை போட்டு வருகிறது, நிலாவைக் கேட்கிறது. பாலர் பள்ளியில் நாங்கள் வைத்திருந்த வளர்ச்சிப் படிநிலை அட்டவணைக்கும் இதற்கும் வித்தியாசம் குறைவு என்பதைப் பார்த்து நான் தனியே சிரித்திருக்கிறேன். பிள்ளை வளர்ப்பதையே தெய்வத்துக்கான பாட்டாக வைத்திருக்கிற மொழி நம்முடையது. அதைப் பேசுகிற ஒரு அம்மா, பிள்ளைக்குச் சோறூட்டுவதால் பக்தி குறைந்துபோயிற்று என்று கவலைப்படுகிறாள்.

அப்புறம், தாய்நாட்டுக்கு வெளியே பிள்ளையோடு தனியாக நிற்பது. இதுவும் புதிதல்ல. ஹாஜரா அம்மையார் எகிப்திலிருந்து வந்தவர். தண்ணீர் இல்லாத பள்ளத்தாக்கில் கைக்குழந்தை இஸ்மாயிலோடு தனித்து விடப்பட்டவர். குழந்தை தாகத்தில் துடிக்க, யாராவது வருகிறார்களா என்று ஸஃபா குன்றுக்கும் மர்வா குன்றுக்கும் நடுவில் ஏழு முறை ஓடினார். ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் போகிறவர்கள் ஆண், பெண் எல்லோரும் இன்றைக்கும் அந்த ஏழு முறையைச் செய்கிறார்கள். யோசித்துப் பாருங்கள்: ஒரு தாய் பதறி ஓடிய ஓட்டம் அப்படியே வழிபாடாகிவிட்டது. அவர் உட்கார்ந்து ஜபம் செய்யவில்லை, ஓடினார். பைபிளில் இதே பெண்ணின் பெயர் ஆகார். வயிற்றில் பிள்ளையோடு வீட்டைவிட்டு ஓடிவந்து வனாந்தரத்தில் நிற்கும்போது, தன்னைக் காண்கிறவர் என்று கடவுளுக்கு அவளே ஒரு பெயர் வைக்கிறாள். மரியாளும் கைக்குழந்தையோடு எகிப்துக்குத் தப்பிப் போனவள்தான்.

நம் தாயுமானவர் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு பெண்ணுக்குப் பிரசவ நேரம். அம்மா வர வேண்டும். காவிரியில் வெள்ளம், அக்கரையிலேயே அம்மா நின்றுவிடுகிறாள். சிவன் அந்த அம்மாவின் உருவத்தில் வந்து மருத்துவம் பார்க்கிறார். வெள்ளம் வடிந்து உண்மையான அம்மா வந்து சேரும்போதுதான் விஷயம் தெரிகிறது. என் முதல் பிரசவத்துக்கு அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தபோது இந்தக் கதை நினைவுக்கு வந்தது. உண்மையைச் சொன்னால் ஆறுதலாக இல்லை, ஆத்திரமாக இருந்தது. எனக்கு யாரும் வரவில்லையே என்று. பல வருடம் கழித்துத்தான் அன்றைக்கு இரவு முழுக்க என் கையைப் பிடித்துக்கொண்டிருந்த, பெயர்கூடத் தெரியாத ஒரு வயதான தாதி ஞாபகத்துக்கு வந்தார்.

ஆத்திரம் என்றதும் இன்னொன்று. பிரார்த்தனை வரவில்லை என்பது எப்போதும் ஆன்மிகப் பிரச்சினை ஆகாது. மூத்தவன் ஐந்து மாதமாக இருந்தபோது எனக்கு எதிலும் பிடிப்பில்லை. தெரிந்த ஒரு பெரியவர், இன்னும் அதிகமாகப் பாராயணம் செய், சரியாகிவிடும் என்றார். செய்தேன். சரியாகவில்லை, பாராயணத்துக்கும் லாயக்கில்லாதவள் என்ற நினைப்புதான் கூடியது. குழந்தையைப் பார்க்க வந்த தாதி ஒரு தாளைக் கொடுத்தார். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைக் கண்டறியும் எடின்பரோ அளவுகோல் என்பார்கள், 1987-இல் வந்தது, பத்தே கேள்வி, கடந்த ஏழு நாளைப் பற்றி. சிரிக்க முடிகிறதா, வரப்போகிற விஷயங்களை ஆசையோடு எதிர்பார்க்கிறீர்களா என்றுதான் தொடங்கும். இரண்டாவது கேள்வியிலேயே நான் அழுதுவிட்டேன். மருத்துவரைப் பார்த்தேன், சிகிச்சை எடுத்தேன். எட்டு மாதம் கழித்துத் தேவாரம் பாடினபோது மறுபடி தொண்டை அடைத்தது. போன பக்தி திரும்பி வந்ததாக அன்று நினைத்தேன். அது எங்கும் போகவில்லை, நான்தான் நோய்ப்பட்டிருந்தேன்.

உங்கள் மகளுக்கு நான்கு வயது என்பதால் உங்களுடையது பிரசவத்தை ஒட்டியதாக இருக்காது. ஆனாலும் இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் மகிழ்ச்சி இல்லை, தூக்கம் கெடுகிறது, அல்லது எவ்வளவு தூங்கினாலும் போதவில்லை என்றால் மருத்துவரிடம் போங்கள். ரத்தச்சோகையும் தைராய்டு குறைவும்கூட இப்படித்தான் ஆளை அசத்தும். தன்னைத்தானே ஏதாவது செய்துகொள்ளலாம் என்ற எண்ணம் ஒரு தடவை எட்டிப்பார்த்தாலும் அன்றைக்கே யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். சாமியிடம் சொல்வது இதில் கணக்கில் வராது.

சரி, மகளுக்கு வருவோம்.

நான்கு வயதுப் பிள்ளையின் தலைக்குள் கடவுள் எப்படி இருப்பார் என்று தெரிந்துகொண்டால் உங்கள் பதற்றம் பாதி குறையும். ஜஸ்டின் பாரெட் என்பவரும் அவரோடு இருந்த ஆய்வாளர்களும் 2001-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பிஸ்கட் படம் போட்ட டப்பா, உள்ளே கூழாங்கல். பிள்ளைக்குத் திறந்து காட்டிவிட்டு மூடிவிடுவார்கள். இதைத் திறந்து பார்க்காத அம்மா உள்ளே என்ன இருக்கிறது என்று நினைப்பாள்? கடவுள் என்ன நினைப்பார்? மூன்று வயதுக்காரர்களில் பெரும்பாலோர், கல் இருப்பது அம்மாவுக்கும் தெரியும், கடவுளுக்கும் தெரியும் என்றார்கள். ஐந்து, ஆறு வயதில்தான் ‘அம்மா பிஸ்கட் என்று நினைப்பாள், கடவுளுக்குத்தான் கல் என்று தெரியும்’ என்று பிரித்துச் சொன்னார்கள்.

இதன் அர்த்தம் என்னவென்றால், உங்கள் மகள் இப்போது இரண்டுக்கும் நடுவில் நிற்கிறாள். நேற்றுவரை எல்லாம் தெரிந்தவள் நீங்கள். இன்றைக்கு உங்களுக்கும் தெரியாதது உண்டு என்று கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறாள். அந்த நேரத்தில் ‘நாம் மட்டும் ஏன்’ என்று கேட்பது நம்பிக்கை ஆட்டம் காண்பது கிடையாது. வீடுகள் ஒன்றுபோல் இருப்பதில்லை என்று கவனித்திருக்கிறாள். சில வீட்டில் நாய் இருக்கிறது, சில வீட்டில் தாத்தா இருக்கிறார், நம் வீட்டில் சாமி கும்பிடுகிறோம். அவ்வளவுதான் அவள் கணக்கு. தத்துவம் பேசாதீர்கள். “சில வீட்ல கும்பிடுவாங்க, சில வீட்ல மாட்டாங்க. அம்மாவுக்குப் பிடிக்கும். அம்மாவோட அம்மாவும் இப்படித்தான் கும்பிடுவாங்க.” போதும். ‘அவங்களுக்கெல்லாம் தெரியாது, நமக்குத்தான் தெரியும்’ என்று மட்டும் வாய்தவறிக்கூடச் சொல்லிவிடாதீர்கள். மறுநாள் காலை அதை அப்படியே வகுப்பில் சொல்வாள். அப்படிச் சொல்லிவிட்டுத் தனியாக உட்கார்ந்திருந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு வாக்கியமும் வேண்டாம்: ‘சாமி கண்ணைக் குத்தும்.’ இதை நாம் எல்லோரும் கேட்டுத்தான் வளர்ந்தோம், ஒன்றும் ஆகிவிடவில்லை என்பீர்கள். நாம் கேட்டபோது சுற்றிலும் பத்துப் பேர் இருந்தார்கள். கண்ணைக் குத்தும் என்று ஒருவர் சொன்னால், அதெல்லாம் குத்தாது வா என்று மடியில் இழுத்துக்கொள்ள இன்னொருவர் இருந்தார். வெளிநாட்டில் ஒரு ஃபிளாட்டுக்குள் நீங்களும் அவளும்தான். அடம்பிடிக்கும்போது கைகொடுக்க ஆளில்லாமல் சாமியைக் கூப்பிட்டுக் காவலுக்கு நிறுத்தத் தோன்றும். நானும் ஒருமுறை நிறுத்தினேன். இளையவள் மூன்று மாதம் பூஜை அலமாரிப் பக்கம் போகாமல் சுவரோரமாக நடந்தாள். இரண்டு முதல் ஏழு வயதுவரை உள்ள சிந்தனையைப் பற்றி உளவியலாளர் பியாஜே எழுதியதைப் படித்துப் பரீட்சையெல்லாம் எழுதியவள் நான்! உயிரில்லாததற்கும் உயிர் இருப்பதாக நினைக்கிற வயது அது. படத்திலிருந்து ஒரு விரல் நிஜமாகவே நீளும் என்று அவள் நம்பியிருக்கிறாள்.

சாவு பற்றியும் கேட்பாள், தயாராக இருங்கள். தூரத்தில் தாத்தாவோ பாட்டியோ இறப்பார்கள், உங்களால் போக முடியாமல்கூட இருக்கும், நீங்கள் அழுவதை அவள் பார்ப்பாள். ‘தூங்கிட்டாங்க’ என்று சொன்னால் இரவில் படுக்கப் பயப்படுவாள். ‘சாமி கூப்பிட்டுக்கிச்சு’ என்றால் சாமி ஆளைப் பிடித்துக்கொண்டு போகிறவர் ஆகிவிடுவார். இறந்தவர் திரும்ப வரமாட்டார் என்பது பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவில்தான் புரிகிறது. அதனால் முதலில் உடம்பைப் பற்றிச் சொல்லுங்கள்: உடம்பு வேலை செய்வது நின்றுவிட்டது, இனி வலிக்காது, பசிக்காது. அப்புறம் உங்கள் நம்பிக்கையைச் சொல்லுங்கள். ‘தாத்தா சாமிகிட்ட இருக்கார்னு அம்மா நம்பறேன்’ என்று, நம்புகிறேன் என்ற சொல்லோடு. பத்து தடவை திரும்பக் கேட்பாள். பத்து தடவையும் அதே பதில்.

பள்ளி விஷயத்தில் பெரிதாக ஒன்றுமில்லை. ஆசிரியையிடம் பேசுங்கள், பேசியதை ஒரு தாளில் எழுதியும் கொடுங்கள்: பிள்ளை என்ன சாப்பிடமாட்டாள், எந்தக் கொண்டாட்டத்தில் சேரலாம், எதில் சேர வேண்டாம். எனக்குத் தெரிந்து ஆசிரியைகளுக்குச் சிரமம் தருவது பெற்றோரின் மதமில்லை, பெற்றோர் சொல்லாமல் இருப்பதுதான். ஐ.நா.வின் 1989-ஆம் ஆண்டுக் குழந்தை உரிமை உடன்படிக்கையில் 14-ஆவது பிரிவு பிள்ளைக்குச் சிந்தனை, மனசாட்சி, மதச் சுதந்திரம் உண்டு என்கிறது. அதில் வழிகாட்டும் உரிமையும் கடமையும் பெற்றோருக்கு என்றும் சொல்கிறது, ஆனால் பிள்ளையின் வளர்ந்துவரும் திறனுக்கு ஏற்றபடி. அந்தப் பின்பாதி எனக்குப் பிடிக்கும். பதினாறு வயதில் என் மகன் கோயிலுக்கும் வரமாட்டேன், சர்ச்சுக்கும் வரமாட்டேன் என்றபோது அதை எடுத்துப் படித்துக்கொண்டேன். இப்போதும் அவன் வருவதில்லை. பரீட்சைக்கு முன்னால் மட்டும் என் அம்மாவுக்கு போன் செய்து “பாட்டி, ஒண்ணு பாடு” என்பான். அதை என்னவென்று சொல்வது, தெரியவில்லை.

எப்போது சொல்லிக் கொடுக்க ஆரம்பிப்பது? அவசரமில்லை. பிள்ளைகளுக்கு ஏழு வயதாகும்போது தொழச் சொல்லுங்கள் என்பது இஸ்லாமிய வழக்கு. கத்தோலிக்கத் திருச்சபையில் பத்து, பன்னிரண்டு வயதுவரை காத்திருந்த புதுநன்மையை, அதாவது முதல் முறை நற்கருணை வாங்குவதை, 1910-இல் போப் பத்தாம் பயஸ் ஏழு வயதளவுக்குக் கொண்டுவந்தார், புத்தி தெளியும் வயது என்று. இரண்டு பெரிய மதங்கள் ஏழுவரை பொறுக்கும்போது மாமியார் நான்கிலேயே கணக்குக் கேட்கிறார். கடமையாக எதுவும் வேண்டாம். அர்த்தம் புரிய வேண்டிய அவசியமும் இல்லை. ஒரே ஒரு பாட்டு, தமிழில், தினமும் ஒரே நேரத்தில், உங்கள் குரலில். பதிவு செய்த குரல் வேண்டாம். வெளிநாட்டில் வளரும் பிள்ளைக்குப் பேச்சுத் தமிழ் எட்டு வயதுக்குள் பாதி உதிர்ந்துவிடுகிற வீடுகளிலும், தூங்கும்முன் பாடிய பாட்டு உச்சரிப்புக் குலையாமல் நிற்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். கோயிலுக்குப் போனால் பின்வரிசையில் ஒளிந்து நிற்காதீர்கள். பெரியவர்களின் முதுகைத் தவிர அவளுக்கு எதுவும் தெரியாது. முன்னால் போய் நின்று, பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுங்கள். அழுதபிறகு வெளியேறுவதைவிட, இன்னும் கொஞ்சம் இருக்கலாமே என்று அவள் நினைக்கும்போது கிளம்புவது மேல்.

மாமியாரைக் கண்டு ஒதுங்க வேண்டாம். அவர் கேட்பது உங்களைக் குற்றம் சொல்ல மட்டுமே என்று எனக்குத் தோன்றவில்லை. பேத்திக்குத் தன்னுடையது எதுவும் போய்ச் சேரவில்லையே என்ற ஏக்கமும் அதில் இருக்கும். வேலையை அவரிடமே கொடுத்துவிடுங்கள். “அத்தை, வாரம் ஒரு நாள் நீங்களே அவளுக்குப் பாடிக் காட்டுங்க, நான் போனைப் பிடிச்சுக்கறேன்” என்று சொல்லுங்கள். ‘கத்துக்கிட்டியா, சொல்லிக்காட்டு’ என்று பரீட்சை மட்டும் வைக்க வேண்டாம் என்று நயமாகச் சொல்லி வையுங்கள். நேர வித்தியாசத்தில் அவருக்கு எது வசதியோ, அந்த நேரத்தை அவரே முடிவு செய்யட்டும். அந்தப் பத்து நிமிடம் நீங்கள் பக்கத்தில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாலும் யாருக்கும் தெரியப் போவதில்லை.

ரத்தப் பரிசோதனை செய்துகொண்டீர்களா என்று மட்டும் அடுத்த முறை எழுதும்போது சொல்லுங்கள்.